கோரிக்கைப் பத்திரங்களும் கணக்குச் சொல்லும்

இந்தியாவின் மகாராஷ்டிர மாநிலத்து பீட் மாவட்டத்தில் 2019இல் அரசாங்கக் குழுவொன்று கரும்பு வெட்டும் பெண்கள் 82,309 பேரிடம் விவரம் திரட்டியது. அவர்களில் 13,861 பேருக்குக் கருப்பை அகற்றப்பட்டிருந்தது. ஆறு பேரில் ஒருவர்! வேலைக்கு வராத நாளுக்குத் தண்டம் கட்ட வேண்டியிருந்ததும் இதற்கு ஒரு காரணம்.

வறிய குடும்பமொன்றுக்கு ஆண்டுக்கு 30,000 ரூபா வரை வைத்தியச் செலவு கொடுக்கும் காப்புறுதித் திட்டத்தை இந்திய அரசு 2008இல் தொடங்கியது. பீகார், சத்தீஸ்கர் மாநிலங்களில் சில தனியார் வைத்தியசாலைகள் அந்தப் பணத்துக்காகவே தேவையில்லாமல் கருப்பையை அகற்றியதாக வழக்குத் தொடரப்பட்டது. 2023இல் உச்ச நீதிமன்றம் இதனைக் கண்டித்துத் தீர்ப்பளித்தது.

காப்புறுதிக் கோரிக்கை ஒவ்வொன்றிலும் என்ன சத்திரசிகிச்சை, எந்த வைத்தியசாலை, நோயாளியின் வயதென்ன என்பன பதிவாகின்றன. ஆண்டுதோறும் கூட்டிப் பார்த்தால் எந்தச் சிகிச்சை எங்கே திடீரெனக் கூடுகிறது என்பது தெரியும். கூடியது மட்டுமே குற்றத்துக்குச் சாட்சியல்ல. நோய் பெருகியிருக்கலாம், வசதி வந்திருக்கலாம். ஆனால் எங்கே போய் விசாரிக்க வேண்டும் என்பதை அந்தக் கணக்கு காட்டும்.

நமது அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம் என்பது பெரும் பாதுகாப்பு. ஆயினும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்றம், கண்வில்லை பொருத்தல் ஆகியவற்றுக்கு உதவுகிறது. அதற்கான 3 வீதம் முழுவதும் தொழில்கொள்வோர் கட்ட வேண்டியது. நமது சம்பளத்தில் கழிக்கக்கூடாது. சிலாபம், மாதம்பை, முந்தல், கற்பிட்டிப் பக்கமிருந்து எத்தனை பேர், எதற்காக இந்த உதவியைப் பெற்றார்கள்? பெயர் விவரமின்றி மாவட்டவாரியாக ஆண்டுதோறும் அதனை வெளியிட வேண்டும். எவருடைய நோய் விவரமும் தோட்ட நிர்வாகத்தின் கைக்குப் போகக்கூடாது.

இன்னொன்றையும் மறக்கலாகாது. தேங்காய் பறிப்பவர், உரிப்பவர், தும்பு ஆலைப் பெண்கள் எனப் பலர் நாட்கூலிகளாக நிதியத்தில் பதியப்படாமலே உழைக்கிறார்கள். பதிவில்லாதவருக்குக் கோரிக்கையும் இல்லை. அவருடைய நோய் எந்தக் கணக்கிலும் வராது. ஆகவே முதற் போராட்டம் அனைவரையும் பதிவு செய்விப்பதே.

தோழர்களே, சகோதரிகளே! உங்கள் அங்கத்துவ இலக்கத்தைத் தெரிந்து வைத்திருங்கள். வைத்தியசாலைத் துண்டுகளையும் கோரிக்கைப் பத்திரத்தின் பிரதியையும் பத்திரப்படுத்துங்கள். அவசரமில்லாத சத்திரசிகிச்சை என்றால் இன்னொரு வைத்தியரையும் கேளுங்கள். நிதியம் கட்டப்படாதவர்கள் அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வந்து விவரத்தைத் தாருங்கள்.