கேட்கப்படாத கேள்வி

விருந்தோம்பல் தமிழரின் தனிப்பண்பு என்று மேடைதோறும் முழங்குகிறோம். வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார் என்று பெருமை கொள்கிறோம். அந்தப் பெருமையில் எனக்கும் பங்குண்டு. ஆனால், ‘விருந்து’ என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை, புதிதாய் வந்தவர் என்பதே பொருள். உறவினரையும் நண்பரையும் உபசரிப்பதை மட்டுமே விருந்து என்று எண்ணிப் பழகிவிட்ட எனக்கு, அந்தப் பழம்பொருளை நினைவூட்டியது நம் நாட்டுக்கு ஐயாயிரம் மைல் தொலைவிலுள்ள ஒரு தேவாலயம்.

ஆய்வுப் பணிக்காக நான் இலண்டன் சென்றது ஒரு நவம்பர் மாதம். பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள இந்தியா அலுவலக ஆவணங்களில் நம் பகுதியைப் பற்றிய பழைய நிலவரிக் கடிதங்களைத் தேடுவது என் வேலை. ஆறு நாள்கள் தாள்களோடு பேசிக் கழிந்தன. ஏழாம் நாள் ஞாயிறு. வாசிப்பு அறைகள் மூடியிருக்கும். மாலை நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும் பருவம் அது. பக்கத்து அறையில் இருப்பவர் யார் என்று நான் ஊர் திரும்பும்வரை எனக்குத் தெரியவே இல்லை. இலட்சக்கணக்கான மக்களுக்கு நடுவே ஒருவன் எவ்வளவு தனியாக இருக்க முடியும் என்பதை அங்கேதான் அறிந்தேன்.

முதல் ஞாயிறன்று, தேசிய ஓவியக் கூடத்தைப் பார்க்கலாம் என்று காலையிலேயே டிரஃபால்கர் சதுக்கத்துக்கு நடந்தேன். வழியில் மழை பிடித்துக்கொண்டது. சதுக்கத்தின் வடகிழக்கு மூலையில், பெருந்தூண்கள் தாங்கிய முகப்போடு ஒரு தேவாலயம் நின்றது. ஒதுங்குவதற்காகப் படியேறினேன். கதவு திறந்திருந்தது. உள்ளே இருந்தவர் என் கையில் வழிபாட்டுத் தாள் ஒன்றைக் கொடுத்து, வெப்பக் குழாய்க்கு அருகே இருந்த இருக்கையைக் காட்டினார். நான் கிறித்தவன் அல்லன். சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் அவர் கேட்கவே இல்லையே!

அது செயிண்ட் மார்ட்டின் தேவாலயம். ‘வயல்வெளியிலுள்ள செயிண்ட் மார்ட்டின்’ என்பது அதன் முழுப் பெயர். இலண்டன் நகருக்கும் வெஸ்ட்மின்ஸ்டருக்கும் இடையே ஒரு காலத்தில் வயல்கள் இருந்தனவாம். இன்று சுற்றிலும் போக்குவரத்து நெரிசல்தான். பெயரில் மட்டும் வயல் மிஞ்சியிருக்கிறது. இப்போதுள்ள கட்டடத்தை வடிவமைத்தவர் ஜேம்ஸ் கிப்ஸ். 1722-இல் தொடங்கிய பணி 1726-இல் நிறைவெய்தியது. முகப்பின் உச்சியில் அரச முத்திரை பொறிக்கப்பட்டிருக்கிறது. அதற்கு நேர் கீழே, படிகளில், வீடற்றவர்கள் அமர்ந்திருக்கிறார்கள். இந்த இரண்டையும் ஒரே பார்வையில் காண்பவருக்கு அந்தத் தேவாலயத்தின் கதை பாதி விளங்கிவிடும்.

மீதிப் பாதியை வரலாறு சொல்லும். 1914-இல் இங்கே பொறுப்பேற்ற டிக் ஷெப்பர்ட் என்னும் பாதிரியார், முதல் உலகப் போரின்போது பிரான்சுப் போர்முனைக்குச் செல்லும் வீரர்களுக்கும் அங்கிருந்து திரும்பும் வீரர்களுக்கும் தேவாலயக் கதவைத் திறந்துவைத்தார். தங்க இடமில்லாத எவரும் உள்ளே வரலாம் என்ற வழக்கம் அவர் காலத்தில் வேரூன்றியது. இரண்டாம் உலகப் போரில் குண்டுமழை பொழிந்தபோது, இதன் நிலவறை மக்களுக்குப் புகலிடமாயிற்று. இதன் பெயருக்குரிய மார்ட்டினே, தம் மேலங்கியை வாளால் இரண்டாகக் கிழித்துக் குளிரில் நடுங்கிய பிச்சைக்காரர் ஒருவருக்குப் பாதியைப் போர்த்தியவர் என்று மரபு கூறுகிறது. பாதியைக் கொடுத்தார் என்பதைக் கவனியுங்கள். முழுவதையும் கொடுத்திருந்தால் அவர் வள்ளல். பாதியைக் கொடுத்ததால் இருவரும் ஒரே துணியின் கீழ் வந்தார்கள்!

வழிபாடு முடிந்ததும் தேநீருக்கு அழைத்தார்கள். முதிய அம்மையார் ஒருவர் கோப்பையை நீட்டி, “பால் வேண்டுமா? சர்க்கரை எத்தனை கரண்டி?” என்று கேட்டார். பிறகு, “கோட்டு நனைந்துவிட்டதே, இப்படிக் கொடுங்கள், உலர்த்தலாம்” என்றார். அவ்வளவுதான் விசாரணை. என் பக்கத்தில் இருந்தவர் தம் உடைமை முழுவதையும் இரண்டு பைகளில் அடக்கி, காலடியில் வைத்திருந்தார். எனக்குக் கொடுத்த அதே வகைக் கோப்பைதான் அவருக்கும். அதே தட்டிலிருந்துதான் பிஸ்கட்டும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குள் ஓர் ஐயம் இருந்தது. தேநீருக்குப் பின்னால் ஒரு துண்டுப் பிரசுரம் வரும், மதம் மாறச் சொல்லும் அறிவுரை வரும் என்று காத்திருந்தேன். பிஸ்கட் தட்டுதான் இரண்டாம் முறையும் வந்தது! இரண்டாம் ஞாயிறு என் மதத்தை நானே சொன்னேன். “அப்படியா? எங்கள் பாட்டுகள் நீளமாக இருந்திருக்குமே, பொறுமையாக இருந்தீர்கள்” என்று சிரித்தார் அந்த அம்மையார். மூன்றாம் ஞாயிறு, கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்த ஒருவர் என் கையில் துண்டைக் கொடுத்து, “துடைத்து அடுக்குகிறீர்களா?” என்றார். வேலை வாங்குகிறாரே என்று நான் வருந்தவில்லை. இனி நான் விருந்தாளி அல்லன், வீட்டாள் என்பதை அந்தத் துண்டு சொல்லிவிட்டது.

இதைக் கொண்டு ‘ஆங்கிலேயர் பண்பில் உயர்ந்தவர், நாம் தாழ்ந்தவர்’ என்று தீர்ப்புக் கூற வரவில்லை. அதே நகரின் சுரங்க இரயிலில் ஒருவர் முகத்தை ஒருவர் ஏறிட்டும் பார்ப்பதில்லை. அவர்களுடைய திருச்சபையின் வரலாறும் மாசற்றதன்று. 1948-இல் ‘விண்ட்ரஷ்’ கப்பலில் தொடங்கிக் கரீபியத் தீவுகளிலிருந்து வந்து குடியேறிய கறுப்பின மக்கள், தம் சொந்தச் சபையின் ஆலயங்களுக்குச் சென்றபோது, பல இடங்களில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரே மதம், ஒரே ஜெபம்; நிறம் மட்டும் வேறு. அதற்காக இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுப் பேரவை வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது 2020-இல்தான். ஆகவே, வரவேற்கும் பண்பு எந்த இனத்துக்கும் பிறவிச் சொத்தன்று. தவறி, உணர்ந்து, முயன்று கற்க வேண்டிய பாடம் அது.

அதை அவர்கள் கற்ற முறையில் நாம் எடுத்துக்கொள்ளத் தக்கது ஒன்றுண்டு. அந்த ஞாயிற்றுத் தேநீர் ஒருவருடைய நல்ல மனத்தை மட்டும் நம்பி நடப்பதன்று. இந்த வாரம் வாயிலில் நிற்பவர் யார், தேநீர் கலப்பவர் யார், கோப்பை கழுவுபவர் யார் என்று முறை வைத்திருக்கிறார்கள். ஆண்களும் கழுவுகிறார்கள். நம் வீடுகளில் விருந்தோம்பலின் புகழ் குடும்பத் தலைவருக்கு. அதன் சுமையோ அடுப்படியில் நிற்கும் ஒரு பெண்ணுக்கு! வீட்டுக்குள் நாம் போற்றும் பண்பு, பொது இடத்துக்கு வந்ததும் காணாமற்போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து. பொது இடத்தில் அது யாருடைய வேலையும் அன்று.

மாணவ நண்பர்களே, நம் கல்லூரிக்கும் ஆண்டுதோறும் புதியவர்கள் வருகிறார்கள். தம் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிப்பவர்கள் அவர்களில் பலர். முதல் பேருந்தில் வந்து இறங்கி, எந்த வகுப்பறை என்று கேட்கவும் கூசி, மரத்தடியில் நிற்கும் அந்த மாணவனிடம் நாம் முதலில் என்ன கேட்கிறோம்? “எந்த ஊர்?” என்கிறோம். அது அன்பான கேள்விதான். அடுத்து, “ஊரில் எந்தத் தெரு?” என்கிறோம். அந்த இரண்டாம் கேள்வி எதற்காக என்பது கேட்பவருக்கும் தெரியும், நிற்பவனுக்கும் தெரியும். விடையைக் கேட்டபின் சிலர் அவனுக்கு அருகே அமர்கிறார்கள். சிலர் தள்ளி அமர்கிறார்கள். ஆசிரியர்களாகிய நாங்களும் இந்தப் பழிக்கு முற்றிலும் விலக்கல்லர்.

கதவைத் திறந்துவைப்பது விருந்தோம்பலில் பாதி. மீதிப் பாதி, கேட்கக் கூடாத கேள்வியைக் கேளாதிருப்பது. அடுத்த கல்வியாண்டின் முதல் வாரத்தில், ஒவ்வொரு துறையிலிருந்தும் இருவர் முறை வைத்துக் கல்லூரி வாயிலில் நிற்கலாமே! வகுப்பறையைக் காட்டலாம், நூலகத்துக்கு அழைத்துச் செல்லலாம், உணவு வேளையில் பக்கத்தில் அமர்த்திக்கொள்ளலாம். செலவு ஒன்றும் இல்லை. “சாப்பிட்டாயா தம்பி?”, “சாப்பிட்டாயா அம்மா?” என்று கேட்போம். தெருவைக் கேளாதிருப்போம். முதல் முறைக்கு என் பெயரை நானே எழுதித் தருகிறேன். உடன் நிற்க யார் வருகிறீர்கள்?