கருச் சுமக்கும் தாய்க்குக் கூடைச் சுமையுமா?

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திற் கொழுந்து பறிக்கும் பெண் கருவுற்ற பின்னர் எத்தனை மாதம் வரை கூடை சுமக்கலாம்? இந்த எளிய கேள்விக்கு இந்நாட்டுச் சட்டம் இன்னும் நேரான விடை தரவில்லை. சட்டம் விடை தராத இடத்தில் கங்காணி விடை தருகிறான்; கங்காணியும் வாய் திறவாத இடத்தில் பசி விடை தருகிறது. அவ்விடை யாதென்பது மலைநாடு அறிந்ததே. நோவு கண்ட நாள் வரை மலையேறிய தாய்மாரின் கதை இல்லாத லயம் அங்கே உண்டா?

அவளது வேலை எத்தகையது என்பதைக் கொழும்பிற் குந்தியிருந்து சட்டம் வரைவோர் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். விடியற் பொழுதிற் பெரட்டுக்களத்திற் பெயர் பதிந்து, வழுக்கும் சரிவில் ஏறி, நிரை நிரையாக நின்றபடியே பறிக்க வேண்டும். பறித்த கொழுந்தை முதுகிற் சுமந்து நிறுவைக்கு இறக்க வேண்டும். தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடினும், பதினாறு, பதினெட்டு, இருபது கிலோ என்று வகுத்த அளவை எட்டினால்தான் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர். தராசுத் தட்டுக்கு அவள் வயிற்றுப் பிள்ளையைப் பற்றி என்ன தெரியும்? மலையில் மலசலகூடம் இல்லாத காரணத்தால், தாகம் எடுத்தாலும் தண்ணீர் குடியாது நாளைக் கழிக்கும் பெண்கள் பலர்.

வைத்திய சாஸ்திரம் கூறுவதையும் கேட்போம். கருவுற்ற பெண்ணின் உடலில் இரத்தத்தின் அளவு ஏறக்குறைய அரைப்பங்கு பெருகுகிறது. அதனைச் செலுத்தும் இருதயம் முன்னிலும் கடுமையாக உழைக்கிறது. மூட்டுக்களைப் பிணைக்கும் நார்கள் தளர்கின்றன. வயிறு முன்தள்ள உடலின் சமநிலை மாறுகிறது. சரிவில் வழுக்கி விழும் அபாயம் கூடுகிறது. நெடுநேரம் நிற்பதும், பாரம் தூக்குவதும் குறைமாதப் பிரசவத்துக்கும் எடை குறைந்த பிள்ளைக்கும் உரிய அபாயத்தை அதிகரிக்கின்றன என்று ஆராய்ந்தோர் கூறுகின்றனர். தண்ணீர் குடியாமலும், சிறுநீரை அடக்கியும் இருப்பது சிறுநீர்த் தொற்றுக்கு இடமளிக்கும். அத்தொற்றும் குறைமாதப் பிரசவத்தைத் தூண்டவல்லது.

2016 ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் எய்தாதோர் இலங்கை முழுவதிலும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்திலோ 32 பேர். வறுமை, உணவுக்குறை, லயத்து நெருக்கடி என இதற்குக் காரணங்கள் பல. தாயின் உழைப்பு ஒன்றே காரணம் என்று நாம் கூறவில்லை. ஆயினும் பிள்ளையின் பசி பிறந்த பின்னர் தொடங்குவதன்று; தாயின் வயிற்றிலேயே தொடங்குகிறது என்பதை மறுப்பார் எவர்?

சட்டமே இல்லை என்று சொல்வதற்கில்லை. 1939 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. மூன்றாவது பிள்ளைக்கு ஆறு வாரமே விடுமுறை என்றிருந்த அநீதியை 2018 ஆம் ஆண்டின் திருத்தம் நீக்கி, எத்தனையாவது பிள்ளையாயினும் 12 வாரம் என்று ஆக்கியது. கருவுற்றமையைக் காரணங்காட்டி வேலையினின்று நீக்கலாகாது என்ற விதியும் உண்டு. பாலூட்டும் தாய்க்கு இடைவேளையும் உண்டு. இவற்றை நாம் வரவேற்கிறோம். ஆனால் நல்ல கூரையிலும் ஓட்டை இருந்தால் மழை உள்ளேதான் பெய்யும். இச்சட்டத்தில் நாம் காணும் ஓட்டைகள் மூன்று.

முதலாவது: தாய்க்கோ சேய்க்கோ தீங்கு தரக்கூடிய வேலையில் அமர்த்தலாகாது என்ற தடை பிரசவத்துக்கு முந்திய மூன்று மாதங்களுக்கும் பிந்திய மூன்று மாதங்களுக்குமே உரியது. அதற்கு முந்திய ஆறு மாதங்களிற் கரு கல்லாலானதா? அன்றியும், தீங்கு தரும் வேலை எது? சரிவில் நின்று கொழுந்து பறிப்பது தீங்கா, அன்றா? எத்தனை கிலோ பாரம் தீங்கு? பட்டியல் இல்லாத தடை, வாயிற்காவலன் இல்லாத வாயிலை ஒக்கும். மேலதிகாரியின் கண்ணுக்கு எல்லா வேலையும் இலகுவான வேலையே.

இரண்டாவது: மகப்பேற்று நன்மை பெற முந்திய ஓராண்டில் அத்தொழில்தருநரிடம் 150 நாள் வேலை செய்திருத்தல் வேண்டும். பார்வைக்கு நியாயமான நிபந்தனை. ஆனால் கணக்கெடுக்கப்படும் அந்த ஓராண்டிற் பெரும்பகுதி அவள் வயிற்றிற் பிள்ளையோடிருந்த காலமன்றோ! வாந்தியும் மயக்கமும் கொண்டு லயத்திற் படுத்த நாட்கள் அவள் கணக்கிற் குறைகின்றன. கொழுந்து குறைந்து தோட்டமே வேலை கொடாத நாட்களும் குறைகின்றன. ஓய்ந்தால் உரிமை போகும். உழைத்தால் உடல் போகும். இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள் என்று ஒரு தாயிடம் கூறுவது நீதியாகுமா? தேயிலைத் துண்டுகளைக் குடும்பங்களிடம் பகிர்ந்து, கொழுந்துக்கு மாத்திரம் விலை கொடுக்கும் புதிய முறை பரவுமிடத்திலோ, தொழில்தருநர் என்ற சொல்லே மறைகிறது. தொழில்தருநர் இல்லாத இடத்தில் நாட்கணக்கை எவரிடம் காட்டுவது?

மூன்றாவது: கந்தோருக்கு ஒரு நீதி, தோட்டத்துக்கு ஒரு நீதி. அரசாங்க உத்தியோகத்திலுள்ள பெண்ணுக்கு முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாள் விடுமுறை. வாரத்துக்கு ஐந்து நாட் கணக்கில் அது ஏறக்குறைய 17 வாரமாகிறது. தோட்டத்துப் பெண்ணுக்கோ 12 வாரம். அரசாங்க உத்தியோகத்தர் ஐந்தாம் மாதம் முதல் அரைமணி நேரம் பிந்தி வரலாம். அரைமணி நேரம் முந்திப் போகலாம். அச்சலுகையை நாம் குறை கூறவில்லை, அது நல்லதே. நாற்காலியில் அமர்ந்து எழுதுபவளின் களைப்பை அறிந்த அரசு, மலையில் நின்று சுமப்பவளின் களைப்பை அறியாதது ஏன் என்றே கேட்கிறோம்.

“எங்கள் பாட்டிமார் நோவு வரும்வரை மலையில் நின்றவர்கள்” என்று சிலர் பெருமை பேசுவர். அப்படி நின்று பிழைத்தவர்களின் கதையே நமக்கு வந்து சேர்ந்தது. பிழையாதவர்கள் கதை சொல்ல வரவில்லை. தோட்ட நிருவாகத்தாரோ, செலவு தாங்காது என்பர். நாற்றுமேடையிலும் பிள்ளைக்காம்பராவிலும் இருந்து செய்யும் வேலைகள் தோட்டத்தில் இல்லையா? அவற்றைக் கருவுற்ற தாய்மாருக்கு ஒதுக்குவதனால் எந்தக் கம்பனியும் மூழ்கிவிடாது.

ஆகவே நாம் கேட்பவை இவை. கருவுற்றமை உறுதியான நாள் முதல் பாரம் சுமத்தலும், மருந்தடித்தலும், செங்குத்தான சரிவில் வேலையும் கூடாதெனச் சட்டம் பெயர் சொல்லி விலக்க வேண்டும். இலகுவேலை நாளுக்கு முழுப்பேர் போட வேண்டும். கொழுந்து அளவு கேட்கலாகாது. மருத்துவர் சான்று தந்த ஓய்வு நாட்களும், தோட்டம் வேலை கொடாத நாட்களும் 150 நாளிற் சேர்க்கப்படல் வேண்டும். மலைதோறும் நிழலும் குடிநீரும் மலசலகூடமும் வேண்டும். விடுமுறையில் கந்தோர்ப் பெண்ணுக்கும் தோட்டப் பெண்ணுக்கும் பேதம் ஒழிய வேண்டும். 2000 ஆம் ஆண்டின் சர்வதேச மகப்பேற்றுப் பாதுகாப்புச் சமவாயம் குறைந்தது 14 வாரம் என்கிறது. நாம் கேட்பது பேராசையன்று.

சட்டம் திருந்தும்வரை கைகட்டி நிற்கவேண்டியதில்லை. கருவுற்ற சகோதரிகள் நாட்கடத்தாது மருத்துவமாதிடம் பதிந்துகொள்ள வேண்டும். நிருவாகத்துக்கு எழுத்தில் அறிவித்துப் பிரதியொன்றைக் கையில் வைத்திருக்க வேண்டும். வாய்ச்சொல் தொழில் நீதிமன்றத்தில் நில்லாது, கடதாசி நிற்கும். வேலை செய்த நாட்களை வீட்டிலும் குறித்து வைத்தல் நன்று. இரத்தம் கண்டாலோ, தலையிடியோடு பார்வை மங்கினாலோ, பிள்ளையின் அசைவு குறைந்தாலோ, பேர் போகிறதே என்று எண்ணாது வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்கலாகாது. தேநீர் அச்சத்து உடலிற் சேர்வதைத் தடுக்கும். தன் கையாற் பறித்த தேயிலையே தன் இரத்தத்துக்குப் பகையாக விடலாமா? தண்ணீர் சுமப்பதும் விறகு சுமப்பதும் அம்மாதங்களில் ஆண்மக்களின் வேலை. அதில் வெட்கத்துக்கு இடமில்லை.

தொழிற்சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. கொழுந்து பறிப்போரிற் பெரும்பாலோர் பெண்கள். அவர்களின் சந்தாவிலேயே சங்கங்கள் வாழ்கின்றன. ஆண்களுக்குச் சமமான நாட்சம்பளம் அவர்களுக்குக் கிட்டியது 1984 இலேதான். அடுத்த பேச்சுவார்த்தை மேசையிற் சம்பளத்தோடு தாய்மையும் முதல் வரிசையில் வைக்கப்பட வேண்டும். அம்மேசையிற் கூடை சுமந்த பெண்களே அமரவும் வேண்டும்.

1948 இல் இம்மக்களின் பிரசாவுரிமை பறிக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் வாக்கும் போயிற்று. நாடற்றோராய் எஞ்சியிருந்தோருக்கு வழி திறந்தது 2003 ஆம் ஆண்டுச் சட்டமே. வாக்கில்லாதவரின் குரல் ஏறாது என்று அன்று சொன்னார்கள். இன்று வாக்கு அவர்கள் கையில் இருக்கிறது. வாக்குக் கேட்டு லயத்துக்கு வருபவர் எக்கட்சியினராயினும், அவரிடம் மலைநாட்டுத் தாய்மார் இவ்வொரு கேள்வியைக் கேட்கட்டும்: “எங்கள் வயிற்றுப் பிள்ளைக்குச் சட்டத்தில் எந்த மாதத்திலிருந்து இடம் தருவீர்?” விடை சொல்லாதவருக்கு வாக்கும் இல்லை என்று அவர்கள் துணிவார்களாயின், நாட்டின் சட்டம் தானே திருந்தும்.