பெட்டி பெரிசா இருந்தா போதுமா?



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது "நேரம் தவறாமை பற்றி எழுதுப்பா, ஒழுக்கம் பற்றி எழுதுப்பா" என்றுதான் பலரும் யோசனை சொன்னார்கள். நான் எழுத வந்திருப்பதோ பேஸ் கிட்டாரைப் பற்றி. அதிலும் மெட்டல் இசைக்கு எந்த ஸ்பீக்கர் பெட்டி வேண்டும், ஆம்பிளிஃபயரில் எந்த நாபை எங்கே வைக்க வேண்டும் என்பதைப் பற்றி. சிரிக்காதீர்கள்! ராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் பஸ் ஏறி வரும் நம்மில் சிலர் மெட்டல் கேட்கிறோம். ஒருசிலருக்கு வாசிக்கவும் ஆசை. ஆசை வந்தவன் வீட்டில் சீட்டுப் பணத்தை எடுக்கச் சொல்கிறான்; இருப்பதிலேயே பெரிய பெட்டியாக வாங்கத் துடிக்கிறான். அது வேண்டாத செலவு என்பதே என் கட்சி.

"மெட்டலா? அதெல்லாம் வசதியான வீட்டுப் பிள்ளைங்க சமாச்சாரம்" என்பார் சிலர். வரலாறு அப்படிச் சொல்லவில்லையே! 1970-ல் முதல் இசைத்தட்டை வெளியிட்டு இந்த இசைக்குப் பிள்ளையார் சுழி போட்ட பிளாக் சாபத் குழுவினர், இங்கிலாந்தில் பர்மிங்காம் என்னும் தொழில் நகரத்துத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள். அவர்களில் கிட்டார் வாசித்த டோனி அயோமி, இரும்புத் தகடு வேலை செய்யும் ஃபாக்டரியில் இருந்தவர். 17 வயதில் மெஷினில் சிக்கி வலது கையில் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டு மறுபடி வாசித்தார். பிற்பாடு கம்பிகளைத் தளர்த்திச் சுருதியை இறக்கினார். பேஸ் வாசித்த கீசர் பட்லரும் கூடவே இறக்கினார். அந்தக் கனத்த நாதத்தின் கதையில் ஒரு ஷீட் மெட்டல் ஷாப்புக்கும் பங்கு உண்டு. முதல் வருஷம் ஷீட் மெட்டல் ஷாப்பில் கையைக் கிழித்துக்கொண்ட நமக்கு அது அந்நியமா என்ன?

இனி விஷயத்துக்கு வருவோம். ஆடி மாதம் வந்தால் நம்ம பக்கத்தில் மைக் செட் இல்லாத தெரு கிடையாது. இளவட்டங்கள் போய் நின்று, "அண்ணாச்சி, பேஸைக் கூட்டுங்க!" என்பார்கள். அவரும் கூட்டுவார். வீட்டு ஓடு அதிரும், நெஞ்சு அதிரும். என்ன பாட்டு என்று மட்டும் புரியாது! மெட்டல் வாசிக்கப் போகும் பையனும் இதே நினைப்பில்தான் கடைக்குப் போகிறான். பேஸ் என்றால் அதிர்வு, அதிர்வு என்றால் பெரிய பெட்டி!

கணக்கைப் பார்ப்போம். நாலு கம்பி பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி ஒரு விநாடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது, அதாவது 41 ஹெர்ட்ஸ். ஐந்து கம்பி என்றால் 31 ஹெர்ட்ஸ். சாதாரணக் கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸ். பேஸ் பெட்டிகளில் ராஜா என்று பெயர் வாங்கியது ஆம்பெக் கம்பெனியின் பெட்டி. 1969-ல் 300 வாட் வால்வு ஆம்பிளிஃபயரோடு வந்த வகை அது. 10 அங்குல ஸ்பீக்கர் எட்டு, காற்றுப் புகாத மூடிய பெட்டி. அதன் பிற்கால மாடல் ஒன்றின் விவரத்தாள் என்ன சொல்கிறது தெரியுமா? 58 ஹெர்ட்ஸிலேயே ஒலி 3 டெசிபல் குறைந்துவிடுகிறது. 40 ஹெர்ட்ஸில் 10 டெசிபல் குறைந்துவிடுகிறது. ராஜாவே 41-ஐ முழுசாகத் தருவதில்லை! பிறகு எப்படி உலகமே அதைக் கொண்டாடுகிறது? 41-க்கு மேலே 82, 123, 164 என்று கிளைத்து வரும் மேல் சுரங்களை நம் காது பிடித்துக்கொள்கிறது. அடிச் சுரத்தை மூளையே நிரப்பிக்கொள்கிறது. ஆக, பேஸ் 'கேட்பது' மிட் என்னும் நடுப்பகுதியால்தான்.

அப்படியானால் பெட்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது? நான்கு விஷயம் பார்த்தால் போதும்.

முதலாவது, ஓம் கணக்கு. 8 ஓம் பெட்டிகள் இரண்டைப் பக்க இணைப்பில் போட்டால் 4 ஓம். மூன்றாவதையும் சேர்த்தால் 2.7 ஓம்கூட வராது. "குறைந்தது 4 ஓம்" என்று ஆம்பிளிஃபயரின் முதுகில் எழுதியிருந்தால், மூன்றாவது பெட்டி அவுட்புட் டிரான்சிஸ்டருக்கு எமன். ஓம் விதியைப் பரீட்சைக்கு மட்டும் படித்தால் இதுதான் கதி.

இரண்டாவது, சென்சிடிவிட்டி. 94 டெசிபல் பெட்டிக்கு 200 வாட் கொடுத்து வரும் சத்தம், 97 டெசிபல் பெட்டிக்கு 100 வாட்டிலேயே வந்துவிடும். கடைக்காரர் வாட்டைத்தான் சொல்வார். நாம் இதைக் கேட்க வேண்டும்.

மூன்றாவது, பெட்டியின் வகை. மூடிய பெட்டியில் சத்தம் கட்டுக்கோப்பாக இருக்கும். வேகமாக வாசித்தாலும் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழும். போர்ட் என்னும் துவாரம் வைத்த பெட்டி அடி ஓசையைக் கூடுதலாகத் தரும். ஆனால் டிசைன் சரியில்லாவிட்டால் ஒன்றோடொன்று குழைந்துவிடும். 15 அங்குலம்தான் ஆழம், 10 அங்குலம் மட்டம் என்று அங்குலத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. பெட்டியின் கன அளவும் ஸ்பீக்கரின் குணமும் சேர்ந்தே முடிவு செய்கின்றன.

நாலாவது, தூக்க முடியுமா? மேலே சொன்ன ராஜா 60 கிலோவுக்கு மேல். டவுன் பஸ்ஸில் கண்டக்டர் நம்மையும் சேர்த்து இறக்கிவிடுவார்!

என் முடிவு: 8 ஓம், 10 அங்குல ஸ்பீக்கர் இரண்டோ நான்கோ உள்ள மூடிய பெட்டி ஒன்று. தேவைப்பட்டால் பின்னாளில் அதே மாதிரி இன்னொன்று. நம் அளவு மேடைக்கு இது தாராளம்.

அடுத்தது நாப். அறையில் தனியாக வாசிக்கும்போது பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றி மிட்டைச் சுத்தமாக இறக்கினால் பிரமாதமாக இருக்கும். டிரம்ஸும் இரண்டு கிட்டாரும் சேர்ந்த மறு நிமிஷம் பேஸ்காரன் காணாமல் போவான்! மெட்டாலிக்கா குழுவின் 1988 இசைத்தட்டில் பேஸ் கிட்டார் காதில் விழவே இல்லையே என்று ரசிகர்கள் இன்றும் புலம்புகிறார்கள். அயர்ன் மெய்டன் குழுவின் ஸ்டீவ் ஹாரிஸையோ எத்தனை கிட்டாருக்கு நடுவிலும் கேட்கலாம். விரலால் அவர் கம்பியை அடிக்கும் 'கடகட' ஓசை மேலே தெரிவதுதான் காரணம்.

ஆகவே பேஸ் நாபைக் கடிகாரத்தில் 12 மணிக்கு வையுங்கள். 800 ஹெர்ட்ஸ் பக்கத்து மிட்டை 2 மணிக்கு ஏற்றுங்கள். 250 ஹெர்ட்ஸில் கொழகொழப்பு இருந்தால் சற்று இறக்குங்கள். ட்ரெபிள் 12. டிஸ்டார்ஷன் போடுவதானால் சுத்தமான ஒலியையும் கூடவே கலக்க வேண்டும். இல்லாவிட்டால் அடி கரைந்துவிடும். பெட்டியில் ட்வீட்டர் இருந்தால் அதைக் குறைத்துவிடுங்கள், கொசு மாதிரி இரையும். கிட்டார் நண்பரிடமும் சொல்லுங்கள்: "உன் பேஸைக் குறைடா, அந்த இடம் என்னுடையது." மேளத்தில் தவிலும் நாதஸ்வரமும் ஆளுக்கொரு இடத்தில் நின்று பேசுவதால்தானே இரண்டும் தெளிவாகக் கேட்கின்றன?

அறையையும் மறக்கக் கூடாது. 41 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை நீளம் சுமார் 8.4 மீட்டர். அதில் பாதி 4.2 மீட்டர், ஏறக்குறைய 14 அடி. 14 அடி நீள அறையில் அந்த ஒரு சுரம் மட்டும் 'கும்' என்று வீங்கி நிற்கும். பெட்டியை மூலையில் வைத்தால் இன்னும் மோசம். நாபைத் திருகுமுன் பெட்டியை இரண்டடி நகர்த்திப் பாருங்கள், காசு செலவில்லை.

இதற்கெல்லாம் மேலான ஒன்று காது. என் அப்பா விசைத்தறியில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். எங்கள் வீட்டில் முதன்முதலாக டிப்ளமோ படிக்க வந்தவன் நான். அதற்கான பணம் அந்தத் தறிச் சத்தத்தில் வந்தது. இன்று "காசு" என்றால் அவருக்குக் "காது" என்று கேட்கிறது. இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் ஆரம்பிக்கிறது. ச, த போன்ற மெல்லிய ஓசைகள் முதலில் போய்விடும். இடிச் சத்தம் மட்டும் மிஞ்சும். நம் நாட்டுத் தொழிற்சாலைகளுக்கு 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்பது வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் ஒலியின் சக்தி இரட்டிப்பாகிறது. சின்ன அறையில் டிரம்ஸும் ஆம்பிளிஃபயரும் சேர்ந்தால் 100-ஐச் சுலபமாகத் தாண்டும். அப்பா பிழைப்புக்காகக் காதைக் கொடுத்தார். நாம் பொழுதுபோக்குக்காகக் கொடுப்பதா? வாசிக்கும்போது காதில் அடைப்பான் வைத்துக்கொள்வது கோழைத்தனம் அல்ல. ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்கு 2000-ஆம் ஆண்டு விதிகள் போட்ட தடையையும் மதிப்போம். அடுத்த வீட்டிலும் காலை ஷிப்டுக்குப் போகிறவர் தூங்குகிறார்.

கடைசியாக நம் மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். ஆளுக்கொரு வீட்டில் நகையை அடகு வைத்துப் பெட்டி வாங்க வேண்டாம். ஸ்பீக்கரை மட்டும் பேரவை வாங்கித் தரட்டும். கார்பென்ட்ரி ஷாப்பில் 18 மில்லிமீட்டர் பிளைவுட்டை நாம் அறுப்போம். முன்பக்கக் கம்பி வலையை மெக்கானிக்கல் நண்பர்கள் செய்யட்டும். வயரிங்கும் ஓம் கணக்கும் எங்கள் டிபார்ட்மெண்ட் பொறுப்பு. மூடிய பெட்டி செய்யக் கஷ்டமான பொருள் இல்லை. ஆண்டு விழாவில் பேச்சாளருக்கும் அது உதவும், பாட்டுக்கும் உதவும், மெட்டலுக்கும் உதவும். அடுத்த வருஷம் வரும் தம்பிகளும் கடன் இல்லாமல் வாசிப்பார்கள்.

பேரவைத் தேர்தலில் நிற்கப் போகும் அண்ணன்மார்களே, இதை வாக்குறுதியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். என் ஓட்டு உங்களுக்கே!

— இரண்டாம் ஆண்டு மாணவன்,
மின்னணு மற்றும் தொடர்பியல் துறை