நலம் விசாரித்ததில் வந்த வினை

2025ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் தேதி, சனிக்கிழமையன்று, நாடெங்கும் யு.பி.ஐ. பணப் பட்டுவாடா தடுமாறியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கு முன் மார்ச் 26ஆம் தேதியும் இதே கதைதான். ஊருக்குப் பணம் அனுப்பப் போனவர்கள் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார்கள்.

ஏப்ரல் பழுதுக்குத் தெரியவந்த காரணம் விசித்திரமானது. கணினி எரியவில்லை, கம்பி அறுபடவில்லை. யு.பி.ஐ.யை நடத்தும் என்.பி.சி.ஐ. நிறுவனம் ஆராய்ந்து பார்த்ததில், சில வங்கிகள் "இந்தப் பணம் என்ன ஆயிற்று?" என்று ஓயாமல் கேட்டு அனுப்பிய விசாரணைகளே நெரிசலுக்கு மூலம் என்று தெரிந்தது. அன்றைய பணம் மட்டுமல்ல, பழைய பட்டுவாடாக்களைப் பற்றியும் கேள்வி மேல் கேள்வி!

மணியார்டர் காலத்தை நினைத்துப் பாருங்கள். பணம் அனுப்பியவர்கள் எல்லாரும் அரை மணிக்கு ஒரு முறை தபாலாபீஸுக்கு வந்து "போய்ச் சேர்ந்ததா?" என்று கவுண்ட்டரை மொய்த்துக்கொண்டால் என்ன ஆகும்? புதிதாகப் பணம் கட்ட வந்தவர் கடைசியில் நிற்க வேண்டியதுதான். பதில் சொல்லியே குமாஸ்தாவுக்குப் பொழுது போய்விடும்.

இது யு.பி.ஐ.க்கு மட்டும் உள்ள வியாதி அல்ல. இன்று ரயில் டிக்கெட் முதல் காஸ் சிலிண்டர் வரை எந்தச் செயலியானாலும், அதன் பின்னால் ஒரே வேலையைச் செய்யும் பல கணினிப் பிரதிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. கிளவுட் என்கிற வாடகைக் கணினிக் கூடமானாலும், வங்கியின் சொந்தக் கூடமானாலும் முறை ஏறத்தாழ ஒன்றே. ஒரு மேற்பார்வை நிரல் சில விநாடிகளுக்கு ஒரு முறை ஒவ்வொரு பிரதியையும் "நலமா?" என்று கேட்கும். இரண்டு மூன்று முறை பதில் வராவிட்டால் அந்தப் பிரதியை ஒதுக்கிவிட்டு, வேலையை மற்றவற்றுக்குப் பிரித்துக் கொடுக்கும். ஆஸ்பத்திரி நர்ஸ் நாடி பார்ப்பது போல.

ஆனால் நாடி பார்ப்பதிலேயே கோளாறு வந்தால்? 2025 அக்டோபர் 20ஆம் தேதி அதுவும் நடந்தது. அன்று தீபாவளி. நம் நேரப்படி பகல் 12 மணி தாண்டியதும், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள அமேசான் கிளவுட் கூடங்களில் பழுது தொடங்கியது. முகவரி காட்டும் ஏட்டில் ஒரு முக்கியமான பதிவு காலியாகிப் போனதே ஆரம்பம். அதைச் சில மணி நேரத்தில் சரிசெய்துவிட்டார்கள். தொல்லை அதோடு ஓயவில்லை. புதிதாகக் கிளப்பிய பிரதிகளுக்கு நெட்வொர்க் தகவல் போய்ச் சேரத் தாமதமாயிற்று, அதற்குள் மேற்பார்வை நிரல் அவற்றைச் சோதித்து, "நலமில்லை" என்று ஒதுக்கியது, அடுத்த சோதனையில் "நலம்" என்று சேர்த்தது, மறுபடி ஒதுக்கியது. இந்தச் சுழற்சியில் மேற்பார்வை நிரலே திணறிவிட்டது. கடைசியில், சோதனையின் பேரில் தானாக ஒதுக்கும் ஏற்பாட்டைப் பொறியாளர்கள் கையால் நிறுத்தி வைத்த பிறகே அந்தப் பகுதி தேறியது. அப்போது இங்கே இரவு 10 மணி ஆகிவிட்டிருந்தது.

ஆகவே, எத்தனை முறை கேட்பது, எதைக் கேட்பது என்பதே பிரச்சினை. பிரதி உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் "இருக்கிறேன்" என்று பதில் வரும். கணக்கேட்டை அதனால் திறக்க முடிகிறதா என்பது தெரியாது. கடை திறந்திருக்கிறது, உள்ளே சரக்கு இல்லை என்ற கதை. சராசரியும் ஏமாற்றும். நூறு பேரில் தொண்ணூற்றைந்து பேருக்கு ஒரு விநாடியில் வேலை முடிந்தால் சராசரி அழகாகவே இருக்கும். மீதி ஐந்து பேர் அரை நிமிடம் காத்துக் கிடந்தது அதில் அமுங்கிவிடும்.

என்.பி.சி.ஐ. சும்மா இருக்கவில்லை. ஒரு பட்டுவாடாவைப் பற்றி வங்கிகள் அதிகபட்சம் 3 முறைதான் விசாரிக்கலாம் என்று கட்டுப்படுத்தியது. 2025 ஆகஸ்ட் 1 முதல் நாமும் ஒரு செயலியில் ஒரு நாளைக்கு 50 முறைக்கு மேல் இருப்புத் தொகையைப் பார்க்க முடியாது. ஐம்பது முறை இருப்பைப் பார்க்கும் அளவுக்கு நம்மில் எத்தனை பேர் கணக்கில் பணம் இருக்கிறது என்பது வேறு விஷயம்! அதே ஆகஸ்டில் யு.பி.ஐ. பட்டுவாடாக்கள் ஒரே மாதத்தில் 2,000 கோடியைத் தாண்டின. கட்டுப்பாடு அவசியம்தான்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. எந்த வங்கியில் எத்தனை சதவீதம் பட்டுவாடா தொழில்நுட்பக் கோளாறால் தோற்றது என்ற கணக்கை என்.பி.சி.ஐ. மாதந்தோறும் வெளியிடுகிறது. நல்ல காரியம். ஆனால் அது மாதக் கணக்கு. ஒரு சனிக்கிழமை நண்பகலில் நடந்தது அந்தச் சதவீதத்தில் கரைந்துபோகும். பாந்திரா-குர்லா வளாகத்தில் உள்ள அந்த அலுவலகத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், தாராவி மளிகைக் கடையில் சாமானைக் கட்டி வைத்துக்கொண்டு நிற்பவருக்கு, தவறு தன் போனிலா, வங்கியிலா, மேலே உள்ள அமைப்பிலா என்று அந்த நிமிடத்தில் தெரிய வேண்டும். உள்ளே விநாடிக்கு விநாடி அளக்கிறவர்கள், வங்கிவாரியாக மணிக்கு ஒரு முறை வெளியே சொல்வதில் என்ன கஷ்டம்?

அதுவரை, "நிலுவையில்" என்று திரையில் வந்தால் உடனே இரண்டாம் முறை அனுப்ப வேண்டாம். இரண்டும் போய்ச் சேர்ந்துவிடக்கூடும். 12 இலக்கக் குறிப்பு எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நம் கணக்கில் கழிந்து, உறவினர் கணக்கில் ஏறாத பணம் மறுநாளைக்குள் தானாகத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 நஷ்டஈடு உண்டு. புகார் கொடுக்காவிட்டாலும் வங்கி அதைத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரிலேயே உத்தரவிட்டிருக்கிறது.