பழைய கணனிக்கு ஒரு சமையற்காரி



நானா புதிய கணனி வாங்கியதும், வின்டோஸ் எக்ஸ்பி உள்ள பழையதைத் தங்கை வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவது நம் குடும்பங்களில் வழமை. எழுத்தும் கணக்கும் விளையாட்டாகக் கற்பிக்கும் பழைய இறுவட்டொன்றை உங்கள் மகன் போட்டுப் பார்க்கிறான். படம் அசைகிறது, பின்னணி ஒலியைக் காணோம். அதே கணனியில் கிராஅத் மட்டும் தெளிவாகக் கேட்கிறது. "உம்மா, இன்டர்நெட்ல ஒரு டிரைவர் இருக்காம், போடட்டா?" என்கிறான். என்ன பதில் சொல்வீர்கள்?

முதலில் விஷயத்தை விளங்கிக் கொள்வோம். ஒலிப்பதிவு என்பது சமைத்து முடித்த வட்டிலப்பம் போன்றது. அப்படியே பரிமாறலாம். 1983இல் அறிமுகமான 'மிடி' முறையில் அமைந்த கோப்போ வெறும் சமையற் குறிப்புத்தான். எந்தக் கருவி, எந்தச் சுரம், எவ்வளவு நேரம் என்ற விபரம் அதில் இருக்கும்; சத்தம் இருக்காது. குறிப்பைப் பார்த்துச் சமைக்க ஒருத்தி வேண்டுமல்லவா? மென்பொருளாகவே இருந்து அந்த வேலையைச் செய்வதுதான் இந்தக் கண்ணுக்குத் தெரியாத இசைக்கருவி. அதைக் கணனியோடு பொருத்துவது 'டிரைவர்'. வாகனச் சாரதியை நினைத்துவிடாதீர்கள்! (பிள்ளைகள் எதைக் கேட்கலாம் என்ற மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.)

எக்ஸ்பியில் இப்படியொரு சமையற்காரி ஏற்கனவே இருக்கிறாள். திரையின் கீழ் மூலையிலுள்ள ஒலிபெருக்கிச் சின்னத்தை இருமுறை அழுத்துங்கள். அங்கே 'வேவ்' என்பது ஒலிப்பதிவுக்கு. 'எஸ்டபிள்யூ சின்த்' என்பது மிடிக்கு. இரண்டாவதன் கீழ் 'மியூட்' கட்டத்தில் அடையாளம் இருந்தால் எடுத்துவிடுங்கள். சில வேளை இத்தோடு காரியம் முடிந்துவிடும். புதிதாக எதையும் போடவே தேவையில்லை.

அப்படியும் சரிவராவிட்டால் மட்டும் புதிய டிரைவரைத் தேடுங்கள். எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொஃப்ட் 2014இல் நிறுத்திவிட்டது. ஆகவே அந்தக் கணனியை இன்டர்நெட்டில் இணைக்காதீர்கள். வேறு கணனியில், தயாரித்தவர்களின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி, வைரஸ் சோதித்து, பென் டிரைவில் கொண்டு வாருங்கள். அது எக்ஸ்பிக்கு உரியதுதானா என்று பாருங்கள். எக்ஸ்பி கணனிகளில் அநேகமானவை 32 பிட் வகை. 64 பிட் டிரைவர் அவற்றில் இயங்காது. கருவிகளின் ஒலிகள் அடங்கிய 'சவுண்ட்ஃபொன்ட்' கோப்பும் தேவைப்படலாம். அது நினைவகத்தில் இடம் பிடிக்கும் என்பதால், பழைய கணனிக்குச் சிறியதே போதும். போட்ட பின், 'கொன்ட்ரோல் பெனல்' சென்று, ஒலிக்குரிய பகுதியில் மிடிக்கான கருவியாகப் புதியதைத் தெரிவு செய்யுங்கள்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னே செய்ய வேண்டிய வேலை ஒன்றுண்டு. அந்தப் பழைய பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று எப்போதாவது பார்த்தீர்களா? தங்கையின் கலியாணப் படங்கள் இருக்கலாம். மௌத்தான வாப்பா யாஸீன் ஓதிய பதிவு இருக்கலாம். வேறெங்கும் அதற்குப் பிரதி இல்லாமலும் இருக்கலாம். டிரைவர் பிழைத்துக் கணனி இயங்க மறுத்தால், 'சிஸ்டம் ரீஸ்டோர்' மூலம் முந்திய நிலைக்குக் கொண்டுவர வழியுண்டு. அதற்காக ஒரு மீட்புப் புள்ளியை முன்கூட்டியே உண்டாக்கி வையுங்கள். எனினும், அழிந்துபோன படத்தையோ குரலையோ அது மீட்டுத் தராது. திருத்த வருபவர் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வின்டோஸைப் புதிதாகப் போட்டால், அவற்றோடு அந்தக் குரலும் போய்விடும்.

டிரைவர் போனால் இன்னொன்று கிடைக்கும். வாப்பாவின் குரல் எந்தக் கடையிலும் கிடைக்காது. ஆகவே மகனைத் தடுக்கவும் வேண்டாம், ஏசவும் வேண்டாம். இப்படிச் சொல்லுங்கள்: "முதல்ல எல்லாத்தையும் ரெண்டு இடத்தில கொப்பி எடுங்க மகன். பிறகு போடலாம்."