பழைய காரும் பச்சைக் குழந்தையும்

தாத்தா வாங்கிய 1960-ம் வருஷத்து அம்பாஸடரைப் புதுப்பிக்கிறேன் என்று உங்கள் வீட்டுக்காரர் உப்புத்தாளும் கையுமாகக் கிளம்பிவிட்டாரா, அம்மணி? பேஷ்! ஆனால் ஜாக்கிரதை. அந்தக் காலத்துக் கார் வர்ணத்தில் காரீயம் இருக்கலாம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம், இதுவோ விஷம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். கர்ப்பிணிகளுக்கும் ஆகாது.

உலர்வாகத் தேய்த்தால் தூள் பறக்கும். சுட்டு உரித்தால் புகை கிளம்பும். வாட்டர் பேப்பரை நனைத்தே தேய்க்கச் சொல்லுங்கள். தூசு புகாத முகமூடியும் அவசியம். கீழே சிந்தியதைப் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். தகரம் தெரிந்த இடத்தை நன்றாக உலர்த்தி, துருப்பிடிக்குமுன் அன்றைக்கே பிரைமர் பூசிவிட வேண்டும்.

வேலை செய்த உடுப்பைத் தனியே துவையுங்கள். முக்கியமாக, குளிக்காமல் வந்து குழந்தையைத் தூக்க அவரை விடாதீர்கள்!