சோற்றோடு சதையும் போகிறதே!

ஓசூரில் ரூம் எடுத்துத் தங்கி கம்பெனி வேலை பார்க்கும் எங்கள் கல்லாவி ஊர்ப் பையன்களுக்கு ஜிம் பித்து பிடித்திருக்கிறது. பிடிக்கட்டும், நல்லதுதான். ஆனால் சேர்ந்த மறுவாரமே சோற்றையும் எண்ணெயையும் ஒரேயடியாகத் தலைமுழுகிவிடுகிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

என் கொழுந்தனும் அப்படித்தான். லீவுக்கு வந்தவனுக்கு ராகிக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் வைத்தால், "கார்ப் வேணாம் அண்ணி, எண்ணெயும் வேணாம்" என்று தட்டைத் தள்ளுகிறான். அவித்த முட்டையைப் பிட்டு மஞ்சள் கருவை ஓரம் வைக்கிறான். வெள்ளைக்கரு, வெள்ளரிக்காய், பால் இல்லாத காபி, அவ்வளவுதான் சாப்பாடு. இதோடு நைட் ஷிப்டு முழுக்க நின்றபடி வேலை, அப்புறம் வெயிட் தூக்குவது வேறு. எடை இறங்கியது உண்மை. கூடவே தோளும் தொடையும் வற்றிவிட்டன. "கொழுப்பு கரையுது" என்கிறான். கொழுப்பு மட்டுமா கரைகிறது?

மூளைக்கு மட்டுமே நாளொன்றுக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் வேண்டும். கல்லீரலில் உள்ள இருப்பு ஒரு நாளைக்கே காணாது. மாவுச்சத்து உள்ளே வராவிட்டால் உடம்பு புரதத்தை உடைத்துக் குளுக்கோஸ் செய்யும். சாப்பிட்ட புரதம் பற்றாவிட்டால் தசையில் கை வைக்கும். கொழுப்பில் இருந்து எடுக்கலாமே என்றால், அதில் கிளிசரால் என்கிற சிறு பங்குதான் குளுக்கோஸாக மாறும். மாவைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டிக்கொள்கிறவர்களுக்காவது, சில வாரங்களில் மூளை கீட்டோனுக்குப் பழகி அந்தச் சேதம் குறையும். இவன் இரண்டையும் நிறுத்திவிட்டானே! தின்கிற வெள்ளைக்கருவில் ஒரு பங்கு சதை கட்டாமல் அடுப்புக்கு விறகாகப் போகிறது.

அதற்காகக் களியை மட்டும் வயிறு முட்ட விழுங்கச் சொல்லவில்லை. நம் நாட்டில் சாப்பிடும் கலோரியில் சராசரியாக 62 சதவீதம் மாவுச்சத்தில் இருந்தே வருகிறது என்று 2025-இல் ஐ.சி.எம்.ஆர் ஆதரவில் வெளியான ஆய்வு சொல்கிறது. அது அதிகம்தான், புரதம் குறைவுதான். அந்தக் குறையைத் தீர்க்க டப்பா பவுடரைத் தேடிப் போக வேண்டுமா? நம் மானாவாரி நிலத்தில் விளையும் நிலக்கடலை 100 கிராமில் 25 கிராம் புரதம், கிட்டத்தட்டப் பாதி நல்ல கொழுப்பு. கொள்ளில் 22 கிராம் புரதம். இவன் ஒதுக்கி வைக்கிற மஞ்சள் கருவில்தான் ஒரு முட்டையின் புரதத்தில் ஐந்தில் இரண்டு பங்கு இருக்கிறது.

தம்பிகளா, அரை உருண்டை களி, கொள்ளுக் கடையல், முழு முட்டை சாப்பிட்டுவிட்டு ஜிம்முக்குப் போங்கள். மாதம் இரண்டு கிலோ குறைந்தால் போதும், அவசரப்படாதீர்கள்.